இன்டெல் 4004: ஒரு கணிப்பானுக்காக உருவான நுண்செயலி

இன்டெல் 4004 என்பது 1971 நவம்பரில் சந்தைக்கு வந்த 4-பிட் நுண்செயலி ஆகும். கணினியின் மையச் செயலகம் முழுவதையும் ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கி, யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும்படி விற்கப்பட்ட முதல் நுண்செயலியாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இதற்கு வித்திட்டவர்கள் கணினி செய்ய எண்ணியவர்கள் அல்லர். விடையைத் தாளில் அச்சிட்டுத் தரும் மேசைக் கணிப்பான் ஒன்றைச் செய்வதே அவர்களின் நோக்கமாக இருந்தது.

பின்னணி

முதல் தலைமுறை மின்னணுக் கணினிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. 1946 இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 குழாய்கள் இருந்தன. அது ஒரு பெரிய அறையையே நிறைத்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். திரிதடையம் என்றும் அழைக்கப்படும் இச்சாதனம், குழாய் செய்த வேலையை மிகச் சிறிய இடத்தில், குறைந்த மின்சாரத்தில் செய்தது. பல டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டில் உருவாக்கும் ஒருங்கிணைந்த சுற்றை 1958 இல் ஜாக் கில்பியும், 1959 இல் ராபர்ட் நாய்சும் தனித்தனியே உருவாக்கினர். நாய்சும் கோர்டன் மூரும் 1968 இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினர். நினைவகச் சில்லுகளைச் செய்து விற்பதே அப்போது அதன் முதன்மைத் தொழில்.

பிசிகாமின் தேவை

பிசிகாம் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட ஜப்பானியக் கணிப்பான் நிறுவனம், 1969 இல் இன்டெல்லை அணுகியது. தான் திட்டமிட்டிருந்த கணிப்பான்களுக்கென்றே தனிச் சில்லுகள் பலவற்றைச் செய்து தரும்படி கேட்டது. அதன் பொறியாளர் மசாதோஷி ஷிமா வரைவுகளுடன் கலிபோர்னியாவுக்கு வந்தார்.

அக்காலக் கணிப்பான்களில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சுற்று இருந்தது. விசைப்பலகையைக் கவனிக்க ஒன்று, அச்சுப்பொறியை இயக்க ஒன்று, கணக்கிட ஒன்று எனச் சுற்றுகள் பெருகின. கணிப்பானில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் சுற்றையே மாற்றி வரைய வேண்டும். இத்தனை சிக்கலான சில்லுகளைக் குறைந்த விலையில் செய்ய இயலாது என்று இன்டெல்லின் பொறியாளர் டெட் ஹாஃப் கருதினார்.

ஹாஃபின் மாற்று யோசனை

ஹாஃப் வேறொரு வழியை முன்வைத்தார். எளிய கட்டளைகளை மட்டும் அறிந்த ஒரு பொதுச் செயலியைச் செய்யலாம். கணிப்பானுக்குரிய தனிப்பண்புகளை எல்லாம் நிரலாக எழுதி நினைவகத்தில் வைக்கலாம் என்றார். முறுக்குக் குழலில் தட்டை மாற்றினால் அதே குழலில் ஓமப்பொடியும் வருவது போல, நிரலை மாற்றினால் அதே சில்லு வேறு வேலை செய்யும். நிரலால் இயங்கும் கணினி என்ற கருத்து அப்போது புதியதன்று. அதை ஒரு மேசைக் கருவிக்குள் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்குவதே புதியது. 1969 இல் இன்டெல்லில் சேர்ந்த ஸ்டான்லி மேசர், கட்டளைத் தொகுதியை வகுப்பதில் ஹாஃபுடன் பணியாற்றினார். பிசிகாமும் இத்திட்டத்தை ஏற்றது.

திட்டம் நான்கு வகைச் சில்லுகளாக அமைந்தது:

4001: நிரலை வைத்திருக்கும் படிப்பு மட்டும் நினைவகம், கொள்ளளவு 256 பைட்டுகள்.
4002: கணக்கின் இடைநிலை எண்களை வைத்திருக்கும் எழுதிப் படிக்கும் நினைவகம், 320 பிட்டுகள்.
4003: விசைப்பலகை, அச்சுப்பொறி போன்றவற்றை இணைக்க உதவும் 10-பிட் நகர்வுப் பதிவகம்.
4004: கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் மையச் செயலகம்.

செயல்படும் விதம்

4004 ஒரே நேரத்தில் நான்கு பிட்டுகளைக் கையாண்டது. நான்கு பிட்டுகளால் 16 வெவ்வேறு மதிப்புகளைக் குறிக்கலாம். 0 முதல் 9 வரையிலான ஒரு பதின்ம இலக்கத்துக்கு இது போதும். ஆகவே கணிப்பானுக்கு இந்த அளவே பொருத்தமாக இருந்தது.

எடுத்துக்காட்டாக 27, 58 ஆகிய எண்களைக் கூட்டுவோம். செயலி முதலில் ஒன்றாம் இடத்து 7, 8 ஆகியவற்றைக் கூட்டும். விடை 15, இரும எண்ணில் 1111. இது 9 ஐ விட அதிகம் என்பதால் 6 கூட்டித் திருத்தும்போது 1 0101 கிடைக்கும். அதாவது 5 எழுதி, 1 மீதி கொண்டு செல்லப்படும். இத்திருத்தத்துக்கென்றே 4004 இல் ஒரு கட்டளை இருந்தது. அடுத்து 2, 5, மீதி 1 ஆகியவை கூடி 8 ஆகும். விடை 85. நாம் தாளில் கூட்டுவது போலவே செயலியும் ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டுகிறது.

சில்லில் 16 கால்களே இருந்தன. எனவே 12-பிட் முகவரியை மூன்று தவணைகளிலும், 8-பிட் கட்டளையை இரண்டு தவணைகளிலும் ஒரே நான்கு கம்பிகள் வழியாக அனுப்பிப் பெற வேண்டியிருந்தது. அதிகபட்சக் கடிகார வேகம் நொடிக்கு 7,40,000 துடிப்புகள். ஒரு கட்டளைச் சுழற்சிக்கு எட்டுத் துடிப்புகள் தேவை என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 92,000 எளிய கட்டளைகளை அதனால் நிறைவேற்ற முடிந்தது.

யோசனை சில்லாக மாறுதல்

ஹாஃபின் யோசனை சில மாதங்கள் தாளிலேயே கிடந்தது. 1970 ஏப்ரலில் இத்தாலியப் பொறியாளர் ஃபெடரிக்கோ ஃபாஜின் இன்டெல்லில் சேர்ந்து இப்பொறுப்பை ஏற்றார். அவர் சேர்ந்த சில நாட்களிலேயே முன்னேற்றத்தைப் பார்வையிட ஷிமா மீண்டும் வந்தார். வேலை நகரவே இல்லை என்பதைக் கண்டு கோபமுற்றார். ஆயினும் திரும்பிச் சென்றுவிடாமல், சில மாதங்கள் தங்கி ஃபாஜினுடன் சேர்ந்து தருக்கச் சுற்றுகளை வடிவமைத்தார். வாடிக்கையாளரின் பொறியாளரே வடிவமைப்பாளராகவும் ஆனார்.

ஃபாஜின் இதற்கு முன் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் சிலிக்கான் வாயில் நுட்பத்தை வளர்த்தவர். டிரான்சிஸ்டரின் வாயிலை அலுமினியத்துக்குப் பதிலாகச் சிலிக்கானால் அமைக்கும் இம்முறையால், அதே இடத்தில் கூடுதல் டிரான்சிஸ்டர்களை வைக்கவும் அவற்றை விரைவாக இயக்கவும் முடிந்தது. இந்நுட்பமே சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரு சிறு சில்லில் அடக்க வழி செய்தது.

1970 டிசம்பர் இறுதியில் வந்த முதல் 4004 சில்லுகள் எதுவுமே இயங்கவில்லை. தயாரிப்பின்போது ஓர் அடுக்கு விடுபட்டுப் போனதே காரணம் என்று ஃபாஜின் நுண்ணோக்கியில் கண்டறிந்தார். 1971 ஜனவரியில் வந்த அடுத்த தொகுதி சரியாக இயங்கியது. வடிவமைப்பாளரின் அடையாளமாக அவர் பெயரின் முதலெழுத்துகள் சில்லின் ஓரத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

உரிமைச் சிக்கல்

சில்லு வெற்றி பெற்றாலும் இன்டெல்லால் அதை வெளியே விற்க முடியாத நிலை இருந்தது. ஒப்பந்தப்படி அது பிசிகாமுக்கு மட்டுமே உரியது. இதற்கிடையில் கணிப்பான் சந்தையில் போட்டி கடுமையாகி, பிசிகாம் சில்லுகளின் விலையைக் குறைக்கக் கோரியது. இதை ஒரு வாய்ப்பாகக் கண்ட ஃபாஜினும் ஹாஃபும், விலையைக் குறைத்து அதற்கு ஈடாக உரிமையைப் பெறும்படி நிர்வாகத்தை வலியுறுத்தினர். கணிப்பான் அல்லாத பிற பயன்பாடுகளுக்கு விற்கும் உரிமை இவ்வாறு இன்டெல்லுக்குக் கிடைத்தது. 1971 நவம்பர் 15 அன்று வெளியான விளம்பரத்துடன் 4004 பொதுச் சந்தைக்கு வந்தது. பிசிகாம் 1974 இல் திவாலானது.

பின்விளைவுகள்

1972 இல் 8-பிட் செயலியான 8008 உம், 1974 இல் 8080 உம் வெளிவந்தன. 8080 ஐக் கொண்டு 1975 இல் வந்த ஆல்டேர் 8800, ஆர்வலர்கள் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கணினியாகப் புகழ்பெற்றது. இன்டெல்லை விட்டு விலகிய ஃபாஜின் சைலாக் நிறுவனத்தைத் தொடங்கி, 1976 இல் இசட்80 செயலியை வெளியிட்டார். 1981 இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினி இன்டெல்லின் 8088 செயலியைக் கொண்டிருந்தது.

எது முதல் நுண்செயலி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானத்துக்கென 1970 இல் உருவான செயலிச் சில்லுத் தொகுதி பல ஆண்டுகள் இரகசியமாகவே இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சும் 1971 இலேயே ஒரே சில்லில் அமைந்த கணிப்பானை அறிவித்தது. ஆயினும் ஒரே சில்லில் அமைந்து, பொதுச் சந்தையில் விற்கப்பட்ட நிரல்படு செயலி என்ற வரையறைக்குள் 4004 முதலிடம் பெறுகிறது.

இதை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கும் ஒற்றை விடை இல்லை. கட்டமைப்பு ஹாஃபுடையது, கட்டளைத் தொகுதியில் மேசரின் பங்கு உண்டு, சில்லாக்கியவர் ஃபாஜின், தேவையைக் கொண்டுவந்ததோடு தருக்கத்தையும் வரைந்தவர் ஷிமா. 1997 இல் கியோட்டோ பரிசு இந்நால்வருக்கும் கூட்டாகவே வழங்கப்பட்டது.