புகையை விட்டவர் மனம் தளராதிருக்க

பீடியை விடுவதென்று உறுதி கொண்ட அங்கத்தினர் நம் சங்கங்களில் பலர் உளர். மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நட்ட அன்றே கட்டைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. பதினைந்து நாள் கழித்து அவர்களில் சிலரைத் தேநீர்க் கடை வாயிலில் மீண்டும் புகையோடு காண்கிறோம். இதனை வெறும் மனவுறுதிக் குறைவென்று ஏசுவது நியாயமன்று.

புகையிலையிலுள்ள நிகோடினுக்கு உடல் பழகிவிடுகிறது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் எரிச்சலும் தூக்கக் குறைவும் மிகும்; மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். இடையில் எழும் வேட்கை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நிற்கும். எழுந்து இரண்டு தார் சுற்றினால் அது கடந்துவிடும். ஆனால் பீடிக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்குவோர் கவனிக்க வேண்டும்: நம் பக்கத்தில் விளையும் மெல்லும் புகையிலையிலும் உள்ளது அதே நிகோடின்தான், வாய்ப்புற்றுக்கும் அப்புகையிலை ஒரு காரணம்.

"வயது ஐம்பதாயிற்று, இனி விட்டு என்ன பயன்?" என்பாருக்கும் விடையுண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. ஐம்பது வயதில் விட்டவர் ஏறத்தாழ 6 ஆண்டும், அறுபதில் விட்டவர் 3 ஆண்டும் ஆயுளில் மீட்டனர். நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்போருக்குப் புகை இரட்டைச் சுமை. விட்ட சில மாதங்களில் இருமல் குறைவதை அவர்களே உணர்வர்.

எனினும் ஆயுள் கண்ணுக்குத் தெரிவதில்லை; பணம் தெரியும். பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் 2006இல் ஒரு வங்கி, புகைப்போருக்கென்று ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்தது. ஆறு மாதம் பணம் செலுத்த வேண்டும். பின்னர் சிறுநீர்ச் சோதனையில் நிகோடின் தென்படாவிடில் பணம் திரும்பக் கிடைக்கும், தென்பட்டால் தருமத்துக்குப் போகும். அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினரே கணக்குத் தொடங்கினர். ஆயினும் அழைக்கப்படாதோரைவிட அழைக்கப்பட்டோரிடையே புகையை விட்டவர் நூற்றுக்கு மூவர் கூடுதலாயினர். ஓராண்டு முடிவில் முன்னறிவிப்பின்றிச் சோதித்தபோதும் அவ்வேறுபாடு நிலைத்திருந்தது.

பணத்தைப் பறிமுதல் செய்யும் முறை நம் சங்கங்களுக்கு ஒவ்வாது; அங்கத்தினர் மனம் கசப்பர். சிக்கன சேமிப்பில் தனிக் கணக்கொன்று வைத்து, ஆண்டு முடியும்வரை எடுப்பதில்லை என்று எழுதிக்கொடுத்தாலே போதும் என்பது நம் கருத்து. நாளொன்றுக்கு 30 ரூபாய் புகைத்தவர் அதனைச் செலுத்திவரின், ஓராண்டில் 10,950 ரூபாய் சேரும். தறிக்குழிக்கு அருகில் பாஸ் புத்தகத்தைத் தொங்கவிட்டால் வீட்டாரும் பார்ப்பர்.

நடுவில் ஒரு நாள் தவறி ஒரு பீடி புகைத்தவர் கணக்கை முடிக்க வேண்டுவதில்லை. மறுநாளும் வழக்கம்போல் பணத்தைச் செலுத்துக. தாமே சமாளிக்க இயலாதவர்களுக்குப் பீடிக்கட்டின் மேலேயே அச்சிட்டுள்ள 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவும்.