பூச்சுக் கத்தி வாங்கலாமா?

திருகோணமலைக் கரையோரங்களில் மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்களுக்குக் கத்தியே முதல். உப்புப் பட்ட சாதாரண உருக்குக் கத்தி ஓரிரவிலேயே கறள் பிடித்துவிடும். ஆகவே கடைகளில் பூச்சுப் பூசிய கத்திகளைக் கண்டதும், கூலிக் காசில் மிச்சம் பிடித்தாவது வாங்க எண்ணுகிறோம். வாங்குமுன் சற்றுச் சிந்திப்போம்.

நன்மை உண்டு. பூச்சு உப்புநீர் உருக்கைத் தொடாமல் தடுக்கும். மீன் சதையும் அலகில் அதிகம் ஒட்டாது.

ஆனால் வெட்டுவது கத்தியின் வாய். சாணைக்கல்லில் தீட்டியதும் அவ்விடத்துப் பூச்சுப் போய்விடும். உள்ளே சாதாரண உருக்கெனில் கறள் அங்கேயே தொடங்கும். கீறல் விழுந்தால் ஈரம் பூச்சின் அடியிலும் புகும். டெஃப்லோன் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்குமாதலால், அக்கத்தியை நெருப்பில் காட்டலாகாது.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் எனும் கறையில் உருக்கில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலமாகிறது. கீறினாலும் மீண்டும் படர்கிறது. எனினும் கடலுப்பு நாளடைவில் அதிலும் குழி விழுத்தும்.

எனவே பூச்சைவிட உருக்கையே விசாரித்து வாங்குவோம். எக்கத்தியானாலும் வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைப்போம். தீட்டிய ஒவ்வொரு முறையும் நம் கையாலேயே மீண்டும் இடக்கூடிய பூச்சு அது.