ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்து மருந்து

நான்கு நாளாகக் காய்ச்சல், குளிர், இருமினால் விலாவில் குத்து. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிகிறது. நிமோனியா என்று சொல்ல இது போதும். எந்தக் கிருமி என்று சொல்லப் போதாது. சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினால் பதில் வர இரண்டு மூன்று நாளாகும். பல சமயம் அதிலும் ஒன்றும் வளராது. அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே, ஆஸ்பத்திரிக்கு வெளியே தொற்றிய நிமோனியாவுக்கு மருத்துவர் எழுதும் முதல் ஆன்டிபயாடிக் அநேகமாக ஓர் அனுமானம்தான்.

அந்த அனுமானத்தில் முதலில் நிற்பது நிமோகாக்கஸ். 1884-இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது பளிச்சென்று ஊதா நிறத்தில் நின்றது இதுதான். சாயத்தைப் பிடித்து வைத்தது அதன் தடித்த செல்சுவர். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கைவைப்பதும் அந்தச் சுவரில்தான். சுவரைக் கட்ட முடியாத கிருமி வெடித்துச் சாகும். வேறு நோயில்லாத நடுவயதுக்காரருக்கு இன்றும் அமாக்சிசிலின் என்ற பழைய, மலிவான மருந்தைத்தான் பல நாட்டு வழிகாட்டிகள் முதலில் வைக்கின்றன.

நிமோனியா தரும் இன்னொரு கிருமியான மைக்கோபிளாஸ்மாவிடம் இது பலிக்காது. அதற்குச் சுவரே கிடையாது. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களை வீழ்த்திய லெஜியோனெல்லாவோ நம் செல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். இவற்றுக்கு அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை வேண்டும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுபவருக்குச் செஃப்ட்ரையாக்சோன் ஊசியோடு அசித்ரோமைசினையும் சேர்த்துத் தரும் வழக்கம் வந்தது.

யாரைச் சேர்ப்பது? பிரிட்டனில் ஐந்து கேள்வி கேட்கிறார்கள். மனக்குழப்பம் உண்டா, ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டுவிட்டதா, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழோ கீழ் அளவு 60-க்கோ இறங்கிவிட்டதா, வயது 65 ஆகிவிட்டதா. ஒவ்வோர் ஆமாமுக்கும் ஒரு மதிப்பெண். பூஜ்யமோ ஒன்றோ என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை. மூன்றும் அதற்கு மேலும் ஆபத்து. யூரியாவை விட்டால் மீதி நான்குக்கும் கடிகாரமும் பி.பி. கருவியும் போதும்.

இந்த வழிகாட்டிகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சறுக்கும். மேலைநாடுகளில் நிமோனியாவுக்கு எழுதப்படும் லிவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நம் ஊரில் அது வம்பு. உண்மையில் காசநோய் உள்ளவர் சில நாள் தேறியதுபோல் தெரிவார். நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நோய் இன்னொரு கண்ணி. தமிழகத்தில் மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வருபவரின் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகிய சிறு புண் ஒன்று இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. சட்டையைக் கழற்றச் சொல்லாத மருத்துவருக்கும் தெரியாது. அமாக்சிசிலின் இந்த நோயைத் தொடவே தொடாது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகத் தருவதைவிட மேல் என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

எத்தனை நாள் சாப்பிடுவது? காய்ச்சல் விட்டு, மூச்சும் நாடியும் சீராகத் தேறுபவருக்கு ஐந்து நாள் போதும் என்றது 2019-இன் அமெரிக்க வழிகாட்டி. எக்ஸ்ரே வெள்ளை மறைய வாரக்கணக்கில் ஆகும். ஆள் தேறிவிட்டால் அதற்காக இன்னொரு கோர்ஸ் தேவையில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் ஏதாவது ஆன்டிபயாடிக் போட்டுப் பார்த்திருந்தால், திட்டுவாரோ என்று மறைக்காமல் அந்த அட்டையையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்து எதை எழுதுவது என்று அவர் முடிவுசெய்ய அது வேண்டும்.