சிறிய ஊர்களின் பெரிய விகிதங்கள்

அமெரிக்காவில் 1980–89 காலத்தில் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்த வெள்ளையின ஆண்களின் விகிதத்தைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்று புள்ளியியல் மாணவர்களிடையே பிரபலம். விகிதம் மிக அதிகமான கவுண்டிகளில் பல, மக்கள் அதிகம் இல்லாத நடுச் சமவெளியில் இருக்கின்றன. மருத்துவமனை தூரம், பூச்சிமருந்து என்று காரணம் தேடத் தோன்றும். ஆனால் மிகக் குறைவான விகிதம் கொண்ட கவுண்டிகளில் பலவும் அதே சமவெளியில்தான் இருக்கின்றன.

இதை வயது விளக்காது. முதியோர் அதிகமுள்ள இடத்தில் இறப்பும் அதிகம் (கேரளத்தின் மொத்த இறப்பு விகிதம் பீகாரைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான்). ஆனால் அந்த வரைபடத்தில் வயது வேறுபாட்டை ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள்.

விடை மக்கள்தொகையில் இருக்கிறது. நாடு முழுக்க இந்த நோயால் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 4.65 பேர் இறக்கிறார்கள் என்று கொள்வோம். ஆயிரம் பேர் உள்ள கவுண்டியில் பத்து ஆண்டுகளுக்கு அரை இறப்புகூட வராது. அரை மனிதர் இறப்பதில்லையே! யாரும் இறக்காவிட்டால் விகிதம் பூஜ்யம்; ஒரே ஒருவர் இறந்தால் லட்சத்துக்கு 10. ஒற்றை மரணம் அந்த ஊரைப் பட்டியலின் அடியிலிருந்து உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. பத்து லட்சம் பேர் உள்ள இடத்தில் எதிர்பார்ப்பு 465. பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அதிகம் அசையாது.

புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் உடனாசிரியர்களும் தங்கள் பாடநூலில் இதற்குப் பேயசியன் முறையைக் கையாள்கிறார்கள். ஒரு கவுண்டியின் சொந்தக் கணக்கோடு நாட்டின் பொதுப்போக்கையும் அந்த முறை சேர்த்துப் பார்க்கிறது. ஊர் சிறியதென்றால் பொதுப்போக்குக்கு எடை அதிகம். பெரியதென்றால் சொந்தக் கணக்குக்கு. ஆயிரம் பேர் கவுண்டியில் பூஜ்யம் 4.55 ஆகிறது, பத்து 4.77 ஆகிறது. பயமுறுத்திய இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

உண்மையான வேறுபாடு இதில் மறைந்துவிடுவதில்லை. ஸ்காட்லாந்தின் 56 மாவட்டங்களில் 1975–80இல் ஆண்களிடம் பதிவான உதட்டுப் புற்றுநோயை 1987இல் கிளேட்டன், கால்டோர் என்ற ஆய்வாளர்கள் இப்படி ஆராய்ந்தார்கள். பான்ஃப்-பக்கன் மாவட்டத்தில் சுமார் 9 பேரை எதிர்பார்த்த இடத்தில் 39 பேர். எண்ணிக்கை போதுமானது என்பதால் சீராக்கிய பிறகும் அது உயரத்திலேயே நின்றது. வயலிலும் கடலிலும் காட்டிலும் வெயிலில் உழைப்போரின் பங்கு அதிகமுள்ள மாவட்டங்களில் நோயும் அதிகமாக இருந்தது.

எனக்குக் கவலை தருவது இன்னொரு பக்கம். உண்மையிலேயே நஞ்சு கலந்த நீரைக் குடிக்கும் ஒரு குக்கிராமத்தையும் இந்த முறை சராசரியை நோக்கித்தான் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அதன் நிச்சயமின்மை எல்லையையும் வெளியிட வேண்டும். கூடுதல் ஆண்டுகளின் தரவைச் சேர்க்க வேண்டும். சந்தேகம் நீடிக்கும் ஊரில் கணினியை விட்டு எழுந்துபோய்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.