சாய்த்து வைத்த ஆட்டுக்கல்: தோள் எப்படி இயங்குகிறது?

ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளுக்குத் தெரியும், குழவியை யாரும் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. குழி ஆழம், குழவி கனம். ஒரு கை சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, குழவி தன் இடத்திலேயே புரண்டுகொண்டிருக்கும். நம் இடுப்பு மூட்டு அந்த ஆட்டுக்கல்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் புதைந்து கிடக்கிறது. பெரிய சாலை விபத்து மாதிரி ஏதாவது நடந்தாலொழிய அது வெளியே வராது.

இப்போது அதே கல்லின் குழியைச் சிமெண்ட் பூசித் தூர்த்து, தட்டு ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கல்லையே பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குழவி நிற்குமா? உருண்டு காலில் விழும். தோள்மூட்டின் அமைப்பு இதுதான். கை எலும்பின் தலையில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் ஒரு நேரத்தில் குழியோடு ஒட்டியிருக்கிறது. அப்படி இருப்பதால்தான் முதுகைச் சொறிய முடிகிறது, பரணில் இருக்கும் அண்டாவை இறக்க முடிகிறது, தலைக்கு மேல் கையைச் சுழற்றிப் பந்து வீச முடிகிறது.

அப்படியானால் குழவி ஏன் விழுவதில்லை? இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, குழியின் வாயைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு வளையம். மருத்துவர்கள் லேப்ரம் என்பார்கள். குழியின் ஆழத்தில் ஏறக்குறைய பாதியை இந்த வளையம்தான் தருகிறது. இரண்டாவது, நான்கு சின்னத் தசைகள். மேலே ஒன்று, பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று நாலு பேர் சுற்றி நின்று குழவியைக் குழியோடு அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ரொட்டேட்டர் கஃப் என்பது இந்த நால்வரின் கூட்டுப் பெயர். குழவியைச் சுற்றும் கை வேறு: தோளின் வெளிப்புறத்தில் புடைத்துத் தெரியும் டெல்டாய்ட். ஜிம்முக்குப் போகிற பையன்கள் கண்ணாடி முன்னால் பார்த்துக்கொள்கிற தசை இது. கையைத் தூக்கும்போது டெல்டாய்ட் குழவியை மேல்நோக்கி இழுக்கிறது. நாலு பேரும் அதே நொடியில் உள்ளே அழுத்தாவிட்டால் குழவி எழும்பி, மேலே கூரையாக இருக்கும் எலும்பில் இடிக்கும். இடையில் மாட்டிக்கொண்டு நசுங்குவது மேலே நிற்கிற ஆளின் தசைநார்.

தோளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை இந்தப் படத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

புதுச்சேரி உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கமும் ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் போட்டி வீரர்களைவிட நம்மைப் போன்றவர்கள்தான் அதிகம். ஆறு நாள் நாற்காலி, ஏழாவது நாள் வாலிபால், ஷட்டில், டென்னிஸ் பந்து கிரிக்கெட். சுற்றுகிற கைக்கு வாரம் முழுக்க ஏதோ வேலை கிடைத்துவிடுகிறது. பிடித்து நிற்கிற நாலு பேர் சோம்பிக் கிடக்கிறார்கள். வந்த ஐந்தாவது நிமிடமே பவுண்டரியிலிருந்து முழு வேகத்தில் ஒரு த்ரோ. தோள் கேட்கிற கேள்வி நியாயமானதுதான்: சொல்லிவிட்டு வரக்கூடாதா?

முதல் வகை, தோள் இறங்குவது. கை மேலேயும் பின்னாலேயும் இருக்கும் நிலையில் இழுபட்டாலோ, கையை ஊன்றி விழுந்தாலோ குழவி விளிம்பைத் தாண்டி முன்பக்கமாக வெளியே வந்துவிடும். 2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில், பந்தைத் தடுக்கப் பாய்ந்த ஸ்ரேயாஸ் ஐயருக்கு இடது தோளில் நடந்தது இந்த வகைக் காயம்தான். ஏப்ரலில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில்தான் ஐ.பி.எல்லுக்குத் திரும்பினார். முழுநேரப் பிசியோக்கள் கூடவே இருந்தும் ஆறு மாதம் பிடித்தது. இதைப் படிக்கிற நீங்கள் மூன்றாவது வாரமே பேட்டைத் தேடுகிற ஆள் என்றால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசியுங்கள்.

மைதானத்தில் தோள் இறங்கிவிட்டால் எப்போதும் ஒருவர் முன்வருவார், “இருங்க, நான் இழுத்துப் போட்டுடறேன்” என்று. வேண்டாம். எலும்பும் உடைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்கும் தெரியாது. உடைந்த எலும்பை இழுத்தால் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து போகும். ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கும் புத்தூர் கட்டு வைத்தியசாலைக்கும் எக்ஸ்ரேவுக்கு முன்னால் போக வேண்டாம். கையை வயிற்றோடு சேர்த்து ஒரு துண்டால் தூளி கட்டி, துணியில் சுற்றிய ஐஸை வைத்து, கிளம்புங்கள். நகரத்துக்குள்ளேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. புஜத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே ஓடும் நரம்பு அடிபட்டிருக்கலாம். முதல்முறை தோள் இறங்கும் வயது எவ்வளவு குறைவோ, மறுபடி இறங்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். குழியின் விளிம்பு ஒருமுறை பிய்ந்தால் குழவிக்கு வழி பழகிவிடுகிறது. கல்லூரிப் பையன்களுக்கு அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் சீக்கிரமே பேசுவது அதனால்தான்.

இரண்டாவது வகை சத்தமில்லாமல் வருவது. விழவில்லை, அடிபடவில்லை. ஸ்மாஷ் அடித்தால் சுருக்கென்கிறது, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. நாலு பேரில் ஒருவர் களைத்துப்போய், அவருடைய தசைநார் உரசி நைந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று வரும், உடனே வீடே கதிகலங்கும். அவ்வளவு பயம் தேவையில்லை. வயதானவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இப்படிக் கிழிசல் தெரிகிறது. மேலே இடிக்கும் எலும்பைச் செதுக்கிவிட்டால் சரியாகும் என்று பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2018இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இந்த வகை வலிக்கு முதல் மருந்து பயிற்சிதான். ஆனால் விழுந்து அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் கதை வேறு. முழுக்கிழிசலாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

தோள் காயத்துக்கு நம் பக்கத்து உதாரணம், சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்ரவர்த்தி. 2020 நவம்பரில் ஆஸ்திரேலியப் பயண அணியில் பெயர் வந்தபின் தோள் காயத்தால் விலக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். ஒருவரின் தோளில் இன்னொருவரின் ஜாதகம்! வருண் இந்தியாவுக்காக முதல் போட்டி ஆடியது 2021 ஜூலையில், இலங்கையில்.

மூன்றாவது, தோள் இறுகிப்போவது. மாவு காய்ந்து குழவி கல்லோடு பிடித்துக்கொண்ட மாதிரி, மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் மாதக்கணக்கில் தொங்கவிட்டவர்களுக்கும் வரும். இதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், அடுத்த சில நாட்கள் சர்க்கரை ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் எடுத்து வையுங்கள்.

சரி, குணமாவது எப்படி? நாலு பேரையும் திரும்ப வேலைக்குக் கூட்டிவருவதுதான் மொத்த சிகிச்சையும். முதல் கட்டத்தில் சுமை கொடுக்காமல் அசைவு மட்டும். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, காயப்பட்ட கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதைச் சின்ன வட்டமாகச் சுழலவிட வேண்டும். பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் பெயரில் வழங்கும் பயிற்சி இது. கை தானாக ஆட வேண்டும், நீங்கள் ஆட்டக் கூடாது. அடுத்த கட்டத்தில் ரப்பர் பட்டை. முழங்கையை மடக்கி, விலாவுக்கும் கைக்கும் நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு, பட்டையை வெளிப்பக்கம் மெதுவாக இழுப்பது. துண்டு கீழே விழுந்தால் டெல்டாய்ட் குறுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பயிற்சி, அதனால்தான் பாதியில் விடுகிறார்கள். தசைநாரைத் தைத்திருந்தால் பொதுவாக ஆறு வாரம் தூளி, மூன்று மாதத்துக்குப் பிறகு பலப் பயிற்சி, ஆறு மாதத்துக்கு மேல்தான் ஆட்டம். நாரும் எலும்பும் ஒட்டுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். பணம் கொடுத்து அதைக் குறைக்க முடியாது.

அதுவரை அன்றாடம் ஓட வேண்டுமே. சட்டை போடும்போது காயப்பட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் தூக்கம் வரும். தூளியோடு வண்டி ஓட்டாதீர்கள். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போடுவதை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள், அந்த ஒரு இழுப்பு போதும்.

வலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரின் வழக்கமான தவறு. வலி முதலில் போகும், பிடிப்பு பல வாரம் கழித்துத்தான் வரும். இரண்டு கையும் ஒரே உயரம் போகிறதா, ஒரே பலத்தோடு வெளிப்பக்கம் தள்ளுகிறதா என்று பிசியோ பார்த்துச் சொல்லட்டும். திரும்பும்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் ஆட்டத்தில் இரும்புக் குண்டைக் கீழ்க்கையாகத்தான் வீசுவார்கள், கை தோளுக்கு மேல் போகாது. அடுத்து ஷட்டிலில் கீழ்க்கை சர்வீஸ், டிராப். ஸ்மாஷ் கடைசி. முதல் சில வாரங்கள் யாராவது தலைக்கு மேலே அழகாக ஒரு லாப் தூக்கிக் கொடுத்தால், பாயிண்ட் போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.