சாப்பாட்டைத் தள்ளி வைக்கும் பிள்ளையும் நொந்துபோகும் பெற்றோரும்



"புள்ள சரியா சாப்புடுதில்ல" என்ற பேச்சு எமது லயங்களில் புதிதல்ல. மாதக் கடைசியில் மாவும் அரிசியும் குறைந்த வீட்டில் பிள்ளை அரை வயிறோடு பாடசாலை போவதை நாம் அறிவோம். இங்கே சொல்ல வருவது வேறு. சட்டியில் சோறு இருக்கும், பிள்ளைக்குப் பசியும் இருக்கும். ஆனாலும் உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் தட்டைத் தள்ளிவிடும். சில பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு யாருக்கும் தெரியாமல் போய் வாந்தி எடுப்பார்கள். இது ஒரு நோய். குமரிப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், பையன்களுக்கும் வரும்.

ஒரு நாள் அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு ஒரு தாய் எம்மிடம் வந்தார். "ஐயா, ரொட்டிய ஒளிச்சி வச்சி நாய்க்குப் போடுறா. கேட்டா கத்துறா. நேத்து கை நீட்டிட்டேன்" என்று அழுதார். மலையில் கை ஓடவில்லை, கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர்தான் விழுந்தது. "நீ குடுத்த செல்லம்" என்கிறார் புருஷன். செய்வினை என்கிறார் மாமியார். பக்கத்துக் காம்பராவில் காதல் விவகாரம் என்று பேச்சு. பிள்ளை சாப்பிடாததால் இவரும் பல நாளாக இராச் சாப்பாட்டை விட்டிருந்தார்! ஒரே வீட்டில் இரண்டு பேர் பட்டினி.

அவருக்கு நாம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். நல்ல சுகதேகிகள். ஆறு மாதம் அவர்களுடைய சாப்பாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை மட்டுமா குறைந்தது? சிடுசிடுப்பு வந்தது, துக்கம் வந்தது, ஆட்களோடு பழகப் பிடிக்கவில்லை, இரவு பகலாகச் சாப்பாட்டு நினைப்பே. ஆகவே உங்கள் மகள் உங்களைப் பார்த்துக் கத்தும்போது, அதில் பாதி பட்டினி கத்துவதுதான்.

தாய் வளர்த்த விதம்தான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்மாரே சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980களில் உருவான வைத்திய முறையில், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துத் தேற்றும் பொறுப்பே பெற்றோர் கையில்தான் கொடுக்கப்படுகிறது. குற்றவாளியிடம் யாராவது அப்படி ஒப்படைப்பார்களா?

வீட்டில் செய்ய வேண்டியது சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். நேரத்துக்குச் சாப்பாடு வையுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருந்து சாப்பிட வேண்டும். ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், எடைப் பேச்சு வேண்டவே வேண்டாம். "இப்பத்தான் கொஞ்சம் பூசினாப்புல இருக்கே" என்று நாம் பாசத்தோடு சொல்வது அந்தக் காதில் "கொழுத்துட்டே" என்றுதான் விழும். கோபம் தலைக்கு ஏறினால் இஸ்தோப்புக்கு வந்து நில்லுங்கள், மற்றவர் உள்ளே போகட்டும். தகப்பன்மாரே, அந்த நேரத்தில் சாராயக் கடைப் பக்கம் போய்விட்டால் மற்றவர் யார்?

கோயிலில் பூசை வைப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் பூசை முடிந்த கையோடு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள், அங்கிருந்து துண்டு வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாதச் சுகம் நின்றுவிட்டால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், ஓயாத வாந்தி, "செத்துப் போறேன்" என்ற பேச்சு, இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெகு நாள் பட்டினி கிடந்து மெலிந்த பிள்ளைக்கு ஒரேயடியாகத் திணிப்பதும் ஆபத்து, டாக்டர் சொல்லும் அளவில்தான் கூட்ட வேண்டும். உங்களுக்கே மனசு தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

அந்தத் தாயின் வீட்டில் இப்போது இராச் சாப்பாட்டுக்குத் தகப்பன் பக்கத்தில் உட்காருகிறார். அந்த அரை மணித்தியாலம் தாய் பீலிக்கரையில் நாலு பேரோடு கதைத்துவிட்டு வருகிறார். பிள்ளை சில நாள் தட்டை முடிக்கிறாள், சில நாள் இல்லை. கிளினிக் நாளில் மட்டும் பேர் போகிறது. அப்படிப் போக வேண்டியவர்கள் முதல் நாளே எம்மிடம் சொல்லுங்கள், கணக்கப்பிள்ளையிடம் நாம் பேசுகிறோம். காரணம் என்னவென்று லயத்தில் யாருக்கும் சொல்ல மாட்டோம்.