அந்த 4,096 வாக்குகளைப் போட்டது யார்?

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஸ்கார்பெக் என்றொரு பகுதி. 2003 மே 18 அன்று அங்கே மின்னணு முறையில் வாக்குப்பதிவு நடந்தது. கணக்குப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள், அவருடைய கட்சிப் பட்டியலுக்கே விழுந்ததைவிட அதிகம்! அந்நாட்டு முறைப்படி அது நடக்கவே முடியாது.

நல்லவேளையாக, வாக்காளர்களின் வாக்குகள் பதிவான காந்த அட்டைகள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றை மறுபடி எண்ணினார்கள். மற்றவர்கள் கணக்கெல்லாம் சரி. இவருக்கு மட்டும் 4,096 கூடுதல்.

கணினி தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டும். கணினி நினைவகத்தில் ஓர் எண் என்பது, எரிந்தும் அணைந்தும் நிற்கும் விளக்கு வரிசை மாதிரி. வலமிருந்து முதல் விளக்கின் மதிப்பு 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 13ஆவது விளக்குக்கு 4,096. அணைந்திருக்க வேண்டிய அந்த விளக்கு எரிந்திருக்கிறது. மென்பொருளை அலசிய நிபுணர்களுக்குப் பிழை எதுவும் சிக்கவில்லை. ஒரு ‘பிட்’, அதாவது அந்த வரிசையில் ஒரு விளக்கு, தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றார்கள். காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் துகள் சில்லைத் தாக்கினால் இப்படி நேரலாம். அன்று நடந்தது அதுதானா என்று நிரூபிக்க வழியில்லை.

புரண்டது ஆறாவது பிட்டாக இருந்திருந்தால்? கூடியிருப்பது வெறும் 32. யார் கண்ணில் பட்டிருக்கும்?

ஹேக்கர் நுழைவாரா என்ற சர்ச்சைக்கு அப்பால் நிற்கும் கேள்வி இது. இயந்திரம் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க, அதன் நினைவகத்துக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறதா? சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றுதான் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல், அங்கே பயன்பட்ட இயந்திரங்களை நிராகரித்தது.

இந்தியாவில் அந்தச் சாட்சியின் பெயர் விவிபேட். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமானது. பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் முரண்பட்டால் சீட்டே செல்லும் என்கிறது விதி. எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2019இல் அதே நீதிமன்றம் சொன்னபடி, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகள்தான் இன்றும் கட்டாயமாக எண்ணப்படுகின்றன.

எந்த ஐந்து என்பது குலுக்கலில் முடிவாகும். பிறகு, வங்கிக் காசாளர் கூண்டு போன்ற வலையடித்த அறைக்குள் அந்தச் சீட்டுகளைச் சின்னம் பார்த்துப் பிரித்து, கையால் எண்ணுகிறார்கள். வலைக்கு வெளியே நின்று வேட்பாளர்களின் முகவர்கள் கூடவே எண்ணுகிறார்கள்.